‘டெல்லி’யின் பீரங்கி ஆக்லாந்தில் இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாசலில் ஒரு பழைய பீரங்கிக் கூண்டு நிற்கிறது. ஆறு அங்குல வாய் கொண்ட இரட்டைக் குழல். 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் ஜெர்மனியின் ‘கிராஃப் ஸ்பீ’ போர்க்கப்பலை எதிர்த்து நின்ற ‘அக்கிலீஸ்’ கப்பலின் பீரங்கி அது. அந்த ‘அக்கிலீஸ்’தான் 1948 முதல் 1978 வரை நம் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். டெல்லி’. கப்பல் நம்முடையதாக இருந்தபோதே உடைக்கப்பட்டது. நினைவுச்சின்னம் அவர்களிடம் இருக்கிறது.

எழுபதுகளில் ‘டெல்லி’ பயிற்சிக் கப்பலாக இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கடற்படைக்குப் போன நான் அதில்தான் கடலைக் கற்றேன். ஐம்பது கிலோ கனமுள்ள பீரங்கிக் குண்டைத் தூக்கிப் பழகியபோது தோள்பட்டை எரிந்தது இன்றும் நினைவிருக்கிறது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று பீரங்கிக் கூண்டுகள். கட்டும்போது நான்கு இருந்தன. 1943 ஜனவரியில் குவாடல்கனால் அருகே ஜப்பானிய விமானம் போட்ட குண்டு பின்பக்கக் கூண்டு ஒன்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். பிறகு கப்பலைப் பழுதுபார்த்தபோது அந்தக் கூண்டை எடுத்துவிட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். அந்த இடத்தைக் காட்டி மூத்த மாலுமிகள் எங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னார்கள். புத்தகத்தில் படித்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

‘டெல்லி’ பிரிட்டன் முப்பதுகளில் கட்டிய லியாண்டர் வகை லைட் குரூசர்களில் ஒன்று. சுமார் 7,000 டன் எடை, 32 நாட் வேகம். வணிகக் கப்பல்கள் போகும் கடல்வழிகளைக் காப்பதற்காகக் கட்டப்பட்டவை. இதே வகையைச் சேர்ந்த ‘நெப்டியூன்’ 1941 டிசம்பரில் லிபியக் கடலில் கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கியது. 764 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர் ஒரே ஒருவர்.

“வெள்ளைக்காரன் கப்பலை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான். பிரிட்டிஷ், நியூசிலாந்துக் கொடிகளின் கீழ் அது ஓடியது 15 ஆண்டுகள். நம்மிடம் ஓடியது 30 ஆண்டுகள். சுதந்திர இந்தியாவின் முதல் குரூசர் அதுவே. 1950-இல் பிரதமர் நேரு அதில்தான் இந்தோனேசியா சென்றார். 1961-இல் தியூவை விடுவித்தபோது அதன் பீரங்கிகள் போர்ச்சுகீசியரை நோக்கி முழங்கின. அது நம் கைக்கு வந்தபோது கேப்டனுக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர், செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. பின்னாளில் கடற்படைத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர். பிளேட் ஆற்றுச் சண்டையில் காயத்தோடு ‘அக்கிலீஸை’ நடத்திய கேப்டன் பாரி, 1948-இல் இந்தியக் கடற்படைக்கே தலைமை தாங்க வந்தார். இவ்வளவையும் சுமந்த கப்பலை அந்நியம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

செலவு என்ற வாதத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். உப்புத் தண்ணீரில் நிற்கும் இரும்பு ஓயாமல் துருப்பிடிக்கும். கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்தவனுக்கு அது தெரியும். 1971 போரில் வங்கக் கடலில் நின்ற விமானம் தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தும், கடைசியில் 2014-இல் உடைக்கும் இடத்துக்குத்தான் போனது. லண்டன் தேம்ஸ் நதியில் ‘பெல்ஃபாஸ்ட்’ குரூசர் 1971 முதல் அருங்காட்சியகமாக மிதப்பதைப்போல, ஒவ்வொரு கப்பலையும் முழுசாக வைத்திருக்க நம்மால் முடியாமல் போகலாம்.

முழுக் கப்பல் முடியாவிட்டால் ஒரு பீரங்கிக் கூண்டு போதும். நியூசிலாந்து செய்தது அதைத்தான். கரையில், காங்கிரீட் மேடையில் நிற்கும் பீரங்கிக்கு ஆண்டுக்கொரு முறை பெயின்ட் அடித்தால் போதும். நம்மாலும் முடியும் என்பதற்கு விசாகப்பட்டினம் கடற்கரையே சாட்சி. அங்கே ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி 2002 முதல் அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். குழந்தைகள் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்.

கடற்படைக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு கப்பலுக்கு ஓய்வு கொடுக்கும் உத்தரவிலேயே, அதில் எவையெல்லாம் காக்கப்பட வேண்டும், எந்த ஊரில் வைக்கப்பட வேண்டும் என்ற பட்டியலையும் சேர்த்து எழுதுங்கள். ஏலம் முடிந்த பிறகு யோசித்துப் பயனில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள தமிழ்நாடு, அந்தப் பட்டியலில் தன் பங்கை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.