காரணத்தைச் சொல்லாத மடிக்கணினி

வீட்டில் கைபேசிக்கு வைஃபை வருகிறது, தொலைக்காட்சிக்கும் வருகிறது. மடிக்கணினி மட்டும் வீட்டு நெட்வொர்க்கைக் காட்டவில்லை. மறுநாளுக்குள் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாணவியும், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவரும் இந்த இடத்தில் பதறிப்போவது இயல்பு. அந்தப் பதற்றத்தோடு கடைக்குப் போனால், ‘விண்டோஸ் மாத்திப் போட்டுப் பார்ப்போம்’ என்றோ, ‘போர்டு போயிருக்கும்’ என்றோ பதில் வரலாம். முதலாவதில் சேமித்து வைத்த கோப்புகள் போகலாம். இரண்டாவதில் சில ஆயிரம் ரூபாய் போய்விடும்.

பல நேரங்களில் கோளாறு அவ்வளவு பெரியதாக இருப்பதில்லை. வரிசையாகச் சோதித்தால் கணினி நிபுணர் அல்லாத ஒருவரே காரணத்தைக் கண்டுபிடித்துவிட முடியும். அந்த வரிசையை மடிக்கணினியே திரையில் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லும்படி தயாரிப்பு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மூன்று நிலைகள்

முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா என்பது. அவை தெரிந்து, சொந்த வீட்டுப் பெயர் மட்டும் தெரியாவிட்டால் மடிக்கணினியின் ரேடியோ வேலை செய்கிறது என்று பொருள். சிக்கல் ரவுட்டர் அமைப்பில் இருக்கலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே கேட்க முடியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால் அவற்றுக்கு அதன் பெயர் தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் 12, 13 ஆகியவை வழக்கமாகப் பயன்படுவதில்லை என்பதால், அங்கிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி அந்த இரண்டையும் தேடாமலே விட்டுவிடலாம். ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் போதும்.

இதே வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைஃபை 6 என்னும் 802.11ஏஎக்ஸ் ரவுட்டர்கள் பரவலாக விற்பனைக்கு வந்தபோது, இன்டெல் நிறுவனத்தின் பழைய வைஃபை அட்டைகள் சிலவற்றுக்கு அந்த நெட்வொர்க்கின் பெயரே தெரியவில்லை. அட்டை கெடவில்லை, ரவுட்டரும் கெடவில்லை. அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் பழையது. இன்டெல்லே இதை வெளிப்படையாக அறிவித்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னது. அறிவிப்பு கண்ணில் படாதவர்கள் புது ரவுட்டரையோ பழைய மடிக்கணினியையோ குறைசொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இரண்டாவது நிலையில் வைஃபை குறியீடு இருக்கும். பட்டியல் மட்டும் காலியாக இருக்கும். ஏர்பிளேன் மோடு தெரியாமல் இயங்கியிருக்கலாம். டெல்லின் பழைய மாடல்கள் சிலவற்றில் வைஃபையை நிறுத்தும் சிறிய சுவிட்ச் பக்கவாட்டில் இருக்கும். பையில் உரசினாலே நகர்ந்துவிடும். எச்பி மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்12 பட்டன் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால் ரேடியோ நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாம் சரியாக இருந்தால் கணினியை முழுமையாக நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி பெரும்பாலும் முழுமையாக அணைவதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ரவுட்டருக்கு அருகில் வைத்தால் மட்டும் பெயர் தெரிகிறது என்றால், ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். பல மாடல்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது. அதன் மெல்லிய ஒயர்கள் கீல் வழியாகக் கீழே இறங்குகின்றன. கீல் உடைந்த மடிக்கணினியில் வைஃபை பலவீனமாவது இதனால்தான்.

மூன்றாவது நிலையில் வைஃபை குறியீடே காணாமல் போயிருக்கும். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்து பார்த்தால், வைஃபை அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியலாம். டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தாலோ, முந்தைய டிரைவருக்குத் திரும்பினாலோ பலருக்குச் சரியாகிவிடும். பட்டியலில் அட்டையின் பெயரே இல்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டிய தேவை வருகிறது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபை அட்டை 22 மி.மீ. அகலமும் 30 மி.மீ. நீளமும் கொண்டது. அசைந்திருக்கும் அட்டையைச் சரியாகப் பொருத்தினாலே உயிர் வந்துவிடுவதுண்டு.

டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும்; இணையம் வர டிரைவர் வேண்டும் என்று இங்கே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, ‘யுஎஸ்பி டெதரிங்’ வசதியை இயக்கினால் பெரும்பாலும் மடிக்கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டரும் உதவும். அதில் நெட்வொர்க் தெரிந்தால் ரவுட்டரில் குறையில்லை, கோளாறு பெரும்பாலும் மடிக்கணினியின் வைஃபை அட்டையிலோ அதன் டிரைவரிலோதான் என்பது தெளிவாகிவிடும். அதன் பிறகு யாரும் எளிதில் ‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிட முடியாது.

கணினிக்குத் தெரிந்தே இருக்கிறது

இந்த விவரங்களில் பெரும்பாலானவை மடிக்கணினிக்குள்ளேயே பதிவாகின்றன. ரேடியோ நிறுத்தப்பட்டிருக்கிறதா, டிரைவர் எந்தத் தேதியுடையது, அட்டை எந்த வைஃபை வகைகளைக் கேட்கும் என்பதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியும். கமாண்ட் பிராம்ப்டில் நிர்வாகி அனுமதியோடு ஒரு வரி ஆணை கொடுத்தால், கடந்த மூன்று நாட்களில் வைஃபைக்கு என்ன நேர்ந்தது என்பதை முழு அறிக்கையாகவே தந்துவிடும். அந்த ஆணை சாதாரணப் பயனாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘ரேடியோ நிறுத்தப்பட்டிருக்கிறது’, ‘டிரைவர் பழையது’ என்று தமிழிலோ அவரவர் மொழியிலோ ஒரு வாக்கியம் திரையில் வந்திருந்தால் கடைக்குப் போன பலர் போயிருக்கவே மாட்டார்கள்.

பழுது கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் தடைகள் இருக்கின்றன. திங்க்பேட் மடிக்கணினிகளின் பழைய மாடல்களில், தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதிப் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைப் பொருத்தினால் ‘1802’ என்ற பிழைச் செய்தியோடு கணினி நின்றுவிடும். எச்பி மாடல்கள் சிலவற்றிலும் இதே போன்ற பூட்டு இருந்தது. ரேடியோ கருவிகளுக்கான அனுமதி விதிகள்தான் காரணம் என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அதே விதிகளுக்கு உட்பட்ட வேறு நிறுவனங்கள் அப்படிப் பூட்டுப் போடாமலே விற்றன என்பதால், அந்த விளக்கத்தை ஏற்க முடியாது. இன்று மெல்லிய மாடல்கள் சிலவற்றில் வைஃபை சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படுகிறது. சிறிய பாகம் கெட்டாலும் மொத்தப் பலகையையும் மாற்றச் சொல்வதற்கு இது வழிசெய்கிறது.

வாங்கும்போதே கேட்கலாம்

பிரான்ஸில் 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருட்களுக்கு, அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்பதற்கு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் காட்டியே விற்க வேண்டும். பழுதுநீக்கும் கையேடு கிடைக்கிறதா, உதிரிபாகம் என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடங்கும். இந்தியாவில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டின் இறுதியில் இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. தகவல் தரும் தளத்தோடு நின்றுவிடாமல், சட்டப்படி கட்டாயமாகும் நிலைக்கு இந்த உரிமை நகர வேண்டும்.

தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்கும் அரசின் நிபந்தனையை எந்த நிறுவனமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வைஃபை அட்டை கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் அட்டையைப் பொருத்தினாலும் கணினி தடுக்கக் கூடாது. மாணவர் படிப்பை முடிக்கும்வரையாவது புதிய டிரைவர்கள் கிடைக்க வேண்டும். கோளாறின் காரணத்தைத் தமிழில் சொல்லும் சோதனை மென்பொருள் இணையம் இல்லாமலே இயங்க வேண்டும். அரசு மடிக்கணினி வாங்குவதற்காக அடுத்து வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே இந்த நான்கையும் சேர்த்துவிடலாம்.