லைட் எரியுது... எழுத்தைக் காணோம்!

ஆபீஸ் மேஜைக்கு ஒரு குட்டி ஃபேன். கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. ஓட்டையில் சொருகினால் சுற்றும். அதே ஓட்டையில் சொருகினால் காபி டம்ளரைச் சூடாக வைத்திருக்கும் ஒரு தட்டு. கீபோர்டு இடுக்கில் விழுந்த முறுக்குத் தூளை உறிஞ்சி எடுக்க உள்ளங்கை அளவில் ஒரு வாக்குவம் கிளீனர். லேப்டாப்புக்கு வேர்க்காமல் இருக்க, அடியில் வைக்க ஃபேன் பொருத்திய பலகை. பூனைக் காது வைத்த ஹெட்போன். பொம்மை வடிவத்தில் பென் டிரைவ்.

மதுரையில் டவுன்ஹால் ரோடு, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். எல்லாம் தொங்கும். தொங்காததை ஆன்லைனில் அமுக்கினால் நாலு நாளில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மதுரை வெயிலில் காபியைச் சூடாக வைக்க மெஷின் எதுக்குய்யா என்று நான் கேட்கப் போவதில்லை. சித்திரை மாசம் மேஜை மேல் சும்மா வைத்தாலே போதும், அது பாட்டுக்குச் சூடாக இருக்கும். ஆனாலும் அவனவன் காசு, அவனவன் ஆசை. விளையாட்டுச் சாமானை விற்பதும் தப்பில்லை, வாங்குவதும் தப்பில்லை.

என் கேள்வி வேறு. இவ்வளவு தினுசு தொங்குகிற அதே கடையில், தமிழ் எழுத்து அச்சடித்த ஒரு கீபோர்டு கேட்டுப் பாருங்கள்.

கேட்டேன். ஒன்றல்ல, நாலு கடையில். ஒருத்தர் மட்டும் விளக்கமாகச் சொன்னார்.

“தமிழ் போட்டதா? அதெல்லாம் யாரும் கேக்குறதில்லண்ணே. இந்தா, இதப் பாருங்க. ஏழு கலர்ல லைட் எரியும். பசங்க இதத்தான் வாங்குறாய்ங்க.”

“லைட் இருக்கு. எழுத்து?”

“வேணும்னா ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கங்கண்ணே.”

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வியாபாரி. ஓடுகிற சரக்கைத்தான் வைப்பார். ஆனால் அந்த ஸ்டிக்கர் சமாச்சாரத்தை யோசியுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு ரெண்டு மாசத்தில் ‘க’ உரிந்து விரலோடு வரும். நாலாவது மாசம் ‘ம’வும் போய்ச் சேரும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர், 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட ஊர், 1981-ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊர் என்றெல்லாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்த ஊரில் தமிழுக்குக் கிடைத்த இடம் ஸ்டிக்கர்!

இப்போது ஒரு சங்கதி சொல்கிறேன். 2005-ல் அமெரிக்காவில் ‘தாஸ் கீபோர்டு’ என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. விசைகளில் ஒரு எழுத்துகூட இருக்காது. மொத்தமும் வெறும் கறுப்பு. பார்க்காமல் டைப் அடிக்கிற கில்லாடிகளுக்காகச் செய்தது. உலகமே ‘இதென்னடா கூத்து’ என்று வேடிக்கை பார்த்தது. தமிழனுக்கு மட்டும் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவன் தமிழில் அடிக்கிற எல்லாக் கீபோர்டும் முதல் நாளிலிருந்தே அப்படித்தானே!

இன்னொன்று ரஷ்யாவில். மாஸ்கோவின் லெபெதேவ் ஸ்டுடியோ 2008-ல் ‘ஆப்டிமஸ் மேக்ஸிமஸ்’ என்று ஒரு கீபோர்டு கொண்டுவந்தது. ஒவ்வொரு விசையும் ஒரு குட்டி ஸ்கிரீன். எந்த மொழி வேண்டுமோ அந்த எழுத்து விசையில் தெரியும். அருமைதான். விலை 1,500 டாலருக்கு மேல். அன்றைய கணக்கில் 60 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எழுத்தைப் பார்க்கிற ஆசைக்கு ஒரு மொபெட் விலை!

இந்த 60 ஆயிரம் ரூபாய் வித்தை நமக்குத் தேவையே இல்லை. வேண்டியது மை. பிளாஸ்டிக் விசையின் மூலையில் இன்னொரு எழுத்தை அச்சடிக்கிற மை. பாங்காக்கில் கடைக்குப் போனால் ஆங்கிலமும் தாய் எழுத்தும் சேர்ந்த கீபோர்டுதான் சாதாரணமாகக் கிடைக்கும். தாய் மொழியில் மெய்யெழுத்து மட்டுமே 44. நமக்கு 18. கொரியாவில் கொரிய எழுத்து இருக்கும். இஸ்ரேலில் ஹீப்ரு இருக்கும். இஸ்ரேலின் மொத்த ஜனத்தொகையே சுமார் ஒரு கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். ஒரு கோடிப் பேருக்கு அச்சடிக்கக் கட்டுபடியாகிற எழுத்து, ஏழு கோடிப் பேருக்குக் கட்டுபடியாகாதா? இது எந்த ஊர் கணக்கு?

‘தமிழுக்கு எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒரு முடிவே இல்லையே சார்’ என்பார்கள் சிலர். முடிவாகி இரண்டரை மாமாங்கம் ஆகப் போகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழிணையம் 99’ மாநாடு நடந்தது. அங்கே பேசி, அரசாங்கமே தரப்படுத்தி அறிவித்ததுதான் ‘தமிழ்99’ விசைப்பலகை. மொத்தம் 31 விசை. உயிரெழுத்து 12, மெய் வரிசைக்கு 18, புள்ளிக்கு ஒன்று. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு கையும் சேர்ந்தால் உயிர்மெய். ஒண்ணாம் கிளாஸ் இலக்கணம் அப்படியே விரலுக்கு வந்துவிட்டது.

அடிக்கிற வேகத்தைப் பாருங்கள். ‘வள்ளி’ என்று அடிக்க வ, ள, ள, இ. நாலே தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘தங்கம்’ என்றால் த, ங, க, ம, புள்ளி. ஐந்து தட்டு. அதே சொல்லை ஆங்கில எழுத்தை வைத்து அடித்தால் ஏழெட்டுத் தட்டு.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? நூற்றுக்குப் பெரும்பாலானோர் ஆங்கில எழுத்தை அடித்து, அது தமிழாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘அம்மா’ என்று எழுதக்கூட ஆங்கில ‘ஏ’யின் வாசலில் நின்று அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கண்ணுக்குத் தெரிவது அந்த எழுத்து மட்டும்தான்.

‘எப்படி அடித்தால் என்ன, தமிழ் வந்தால் சரி’ என்பீர்கள். சரியாக வந்தால் சரிதான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘எல்’. நமக்கு ல, ள, ழ. அங்கே ஒரே ‘என்’. நமக்கு ந, ன, ண. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஊகிக்கும். நாலு வார்த்தையைக் காட்டி ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும். அவசரத்தில் இருக்கிறவர் முதலில் வந்ததை அமுக்குவார். வள்ளி வல்லி ஆவாள். கண்ணன் கன்னன் ஆவான்.

வாட்ஸ்அப்பில் இது நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று நாலா பக்கமிருந்தும் குறைதீர்க்கும் நாளுக்குச் சனம் வந்து இறங்கும். கையில் மனு. அதில் பெயர் திருத்தம் கேட்கிற மனு இல்லாமல் இருக்காது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு ‘ள’னா மாறியதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார்கள். எல்லாத் தப்புக்கும் கீபோர்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கையால் எழுதிய காலத்திலும் தப்பு இருந்தது. ஆனால் ல-வுக்கு ஒரு விசை, ள-வுக்கு ஒரு விசை என்று கண்ணெதிரே எழுத்து இருந்தால், அடிக்கிறவர் ஊகிக்க வேண்டியதில்லை. பார்த்து அடிக்கலாம். தப்பு வந்தாலும் அது மனுஷன் செய்த தப்பாக இருக்கும். மெஷினின் ஊகத்துக்கு ஒரு கிழவி பஸ் சார்ஜ் கொடுக்க வேண்டியதில்லை.

‘இப்பல்லாம் பேசினாலே டைப் ஆகுதே சார்’ என்று ஒரு தம்பி குறுக்கே வருவார். ஆகிறது. சந்தோஷம். சொத்துத் தகராறில் அண்ணன் மேல் மனுக் கொடுக்கப் போகிறவர், இ-சேவை மையத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்க, விஷயத்தைச் சத்தம் போட்டுச் சொல்லி டைப் செய்ய வேண்டுமா? அந்த வரிசையில் அண்ணனே நின்றால்? அதோடு நம்ம ஊர்க்காரர் ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்று பேசுவதை மெஷின் என்னவென்று புரிந்துகொள்ளும் என்பது அதற்கே வெளிச்சம்.

இதில் இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர் என்ற சொல்லே ஊரில் இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர், நம்முடைய 247 எழுத்தையும் ஒரு டைப்ரைட்டருக்குள் அடக்கிக் காட்டினார். ஜெர்மனியில் மெஷினே செய்ய வைத்தார். அந்த இரும்பு மெஷினின் ஒவ்வொரு விசையிலும் தமிழ் இருந்தது. அதில் படித்துத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் லோயர், ஹையர் பாஸ் பண்ணி அரசாங்க வேலைக்குப் போனார்கள். இரும்பில் இருந்த தமிழ் பிளாஸ்டிக்கில் எப்படித் தொலைந்தது?

முடியாது என்று எந்த கம்பெனியும் சொல்ல வாய்ப்பில்லை. 2010 ஜூலையில் ரூபாய்க்கு மத்திய அரசு ஒரு குறியீடு அறிவித்தது. வடிவமைத்தவர் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளை உதயகுமார். அறிவித்த கொஞ்ச காலத்திலேயே கீபோர்டில் நாலாம் எண் விசையின் ஓரத்தில் அந்தக் குறியீடு ஏறி உட்கார்ந்துவிட்டது. டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு பாரத்’ கீபோர்டிலும் பார்க்கலாம். 1911-ல் நம்ம மதுரையில் முளைத்த குழுமத்தின் பெயரைச் சுமக்கிற கீபோர்டு அது. பில் போடுகிற கவுன்ட்டர்களில் வருஷக்கணக்காக அடி வாங்கியும் அசராத உழைப்பாளி. அதன் மூலையில் ஒரு குறியீடு ஏற முடியுமென்றால் ஒரு ‘அ’ ஏற முடியாதா? மதுரைக்காரன் உரிமையோடு கேட்கிறேன்.

அந்த ரூபாய்க் குறியீட்டுக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டு ‘ரூ’ போட்டார்கள். டெல்லி வரைக்கும் புகைந்தது. டி.வி.யில் ராத்திரி முழுக்க விவாதம். அதே பட்ஜெட்டில்தான் இரண்டு வருஷத்தில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்றும், முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் என்றும் அறிவிப்பு வந்தது. இலச்சினையின் ‘ரூ’வுக்காக அத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினார்களே, பிள்ளைகளின் விசைப்பலகையில் ‘ரு’வுக்கு ஒரு இடம் உண்டா என்று ஒருத்தராவது கேட்டாரா? ஆதரித்தவரும் கேட்கவில்லை, எதிர்த்தவரும் கேட்கவில்லை.

நான் பி.காம். கணக்கு எனக்குக் கொஞ்சம் வரும். ஒரு கீபோர்டில் தமிழும் சேர்த்து அச்சடிக்க ஐந்து ரூபாய் கூடும் என்றே வைத்துக்கொள்வோம். 20 லட்சத்துக்கு ஒரு கோடி. 2,000 கோடியில் ஒரு கோடி. நூறு ரூபாய்க்கு ஐந்து பைசா. இந்த ஐந்து பைசாவைத் தேட தனி கமிட்டி வேண்டாம், மாநாடு வேண்டாம், பந்தல் வேண்டாம். ‘அரசு காசில் வாங்குகிற எந்தக் கீபோர்டும் தமிழ்99 எழுத்து அச்சடித்ததாக இருக்க வேண்டும்’ என்று டெண்டரில் ஒரே ஒரு வரி. எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் அந்த வரி மட்டும் அழியக் கூடாது. அரசாங்கம் லட்சக்கணக்கில் கேட்டால் கம்பெனி அச்சடித்துத்தான் ஆக வேண்டும். ஒரு தடவை அச்சு தயாராகிவிட்டால் அது டவுன்ஹால் ரோடு வரை தானாக நடந்து வரும்.

ஆன்லைனில் தேடினால் தமிழ் போட்ட கீபோர்டு ஒன்றிரண்டு கிடைக்கத்தான் செய்கிறது. செய்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் தேடினால்தான் தமிழ், தேடாமலே ஆங்கிலம் என்பது எந்த ஊர் நியாயம்?

பாதிப் பழி நம் மேலும் உண்டு. ‘யாரும் கேக்குறதில்லண்ணே’ என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. கேட்காத சரக்கை எந்த வியாபாரியும் அடுக்க மாட்டான். அதனால் அடுத்த தடவை மவுஸ் வாங்கப் போனாலும் சரி, பூனைக் காது ஹெட்போன் வாங்கப் போனாலும் சரி, காசு கொடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அண்ணே, தமிழ் எழுத்துப் போட்ட கீபோர்டு இருக்கா?” இல்லை என்பார். பரவாயில்லை. மறுநாள் உங்கள் தெருக்காரர் கேட்கட்டும். அதற்கு மறுநாள் இன்னொருத்தர். பத்தாவது ஆள் கேட்கும்போது அவர் மொத்த வியாபாரிக்குப் போன் போடுவார்.

ஏழு கலர் லைட்டையும் அப்படித்தான் வரவழைத்தோம்.