ஏலத்தில் போனவனிடம் விசுவாசம் கேட்கலாமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. சிஎஸ்கே, ஆர்சிபி இரண்டு பக்கத்து ரசிகர்களுக்கும் கோபம் வரலாம். வந்தால் நல்லது :-)

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. வெளியே பனி கொட்டுகிறது. ஸ்கார்பரோவில் நண்பர் வீட்டில் நாலு குடும்பம் கூடியிருந்தோம். உள்ளே பிரியாணி, ஹாலில் சண்டை. 16ஆம் தேதிதான் அபுதாபியில் ஐபிஎல் ஏலம் முடிந்திருந்தது. சென்னை கழற்றிவிட்ட பதிரனவைக் கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கிவிட்டது. அதற்கு முந்தின மாசம்தான் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியிருந்தது. பேசக் கேட்கவா வேண்டும்?

"அண்ணை, பதிரனவை விட்டது பெரிய பிழை. எங்கட பெடியனை 13 கோடிக்கு வச்சிருந்தவை, இப்ப 18க்கு இன்னொருத்தன் கொண்டு போயிட்டான்" என்று யாழ்ப்பாணத்து நண்பர் தலையில் கை வைத்தார். சென்னைக்காரர் ஒருத்தர், "போகட்டும் விடுங்க சார், போன சீசன்ல அடி வாங்கினான்ல" என்றார். அப்புறம் பேச்சு நடராஜன் பக்கம் போனது. "டெல்லி 10.75 கோடி கொட்டிக் கொடுத்துச்சு, எத்தனை மேட்ச் ஆடினான்? சுத்த வேஸ்ட்." கடைசியில் வழக்கமாக வந்து சேரும் இடத்துக்கு வந்தார்கள்: "இவனுங்களுக்கெல்லாம் விசுவாசமே கிடையாதுங்க. பணம் எங்கேயோ அங்கே ஓடுவானுங்க."

சொன்னவர் அஞ்சு வருஷத்தில் மூணாவது கம்பெனியில் இருக்கிறார். நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் அங்கேயும் அதே சண்டை, பேஸ்பால் வடிவத்தில். இந்த ஊர் ப்ளூ ஜேஸ் 2025 இறுதிப் போட்டியில் ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, கூடுதல் இன்னிங்ஸில் டாட்ஜர்ஸிடம் தோற்றது. அடுத்த சில வாரத்தில் டிலன் சீஸ் என்ற பந்து வீச்சாளரை ஏழு வருஷத்துக்கு 210 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் நம்ம ஊர் ஓபனிங் பௌலர் மாதிரி, ஆனால் அவனை நம்பித்தான் அன்றைய ஆட்டமே. குளிர்கால முழுக்க இங்கே இதே பேச்சு. யாரை வாங்கலாம், யாரைக் கொடுத்து யாரை எடுக்கலாம், இவன் தோள் தாங்குமா, அவன் முழங்கை தாங்குமா?

இரண்டு சண்டையையும் கேட்டதில் ஒரு வித்தியாசம் உறைத்தது. இங்கே "சீஸ் கையெழுத்துப் போட்டான்" என்கிறார்கள். நாம் "பதிரன 18 கோடிக்கு விலை போனான்" என்கிறோம். ஒரே தொழில். அங்கே செய்கிறவன் ஆட்டக்காரன், இங்கே ஆட்டக்காரன் ஒரு பொருள்.

இது வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட முடியாது. பின்னால் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேஸ்பால்காரனின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவன் அந்த அணிக்கே சொந்தம். விற்றால் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும். 1969இல் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை செயின்ட் லூயிஸ் அணி பிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றியது. மனுஷன் போக மாட்டேன் என்றார். என்னை வாங்கி விற்க நான் சொத்து இல்லை என்று தலைமை ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றது. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. ஆனால் போட்ட விதை வீண் போகவில்லை. 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பேர் விஷயத்தில், ஒப்பந்தம் முடிந்தவன் சுதந்திரமானவன் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். இரண்டு பேரும் பிட்சர்கள்! இன்றைக்கு டிலன் சீஸ் பேரம் பேசிக் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதற்கு வழி வெட்டியவர்கள் இவர்கள். ஆறு வருஷம் ஆடி முடித்தவன் தன் ஊரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பத்து வருஷ அனுபவமும், அதில் கடைசி அஞ்சு வருஷம் ஒரே அணியிலும் இருந்தவனை அவன் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது.

நம்ம ஐபிஎல்? கைமாற்றுக்கு ஆட்டக்காரனின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏலத்தில்? பேரைக் கொடுக்கலாம், அடிப்படை விலையைச் சொல்லலாம், அவ்வளவுதான். எந்த ஊர், எந்த அணி என்று வாய் திறக்க முடியாது. ஏலத்தில் எடுக்கப்பட்ட வெளிநாட்டுக்காரன் தகுந்த காரணம் இல்லாமல் விலகினால் இரண்டு வருஷம் தடை. ஹாரி புரூக்குக்கு 2025இல் அதுதான் நடந்தது. சிறு ஏலத்தில் வெளிநாட்டுக்காரனுக்கு உச்சவரம்பு வேறு. கேமரன் கிரீனை 25.20 கோடிக்குக் கூவி எடுத்தார்கள், அவர் கைக்கு 18 கோடிதான். மிச்சம் ஆட்டக்காரர் நலனுக்கென்று வாரியத்திடம் போகும். எந்த நலன் என்று கேட்க இந்தியாவில் இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சங்கமாவது உண்டா? 2019இல் வந்த சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்.

"கோடி கோடியா வாங்குறானுங்க, அவனுங்களுக்கு என்ன குறை?" இதுதான் எல்லோரும் கேட்பது. சரி, நான் பி.காம் படித்தவன், பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன். கணக்கிலேயே வருகிறேன்.

2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. வருஷத்துக்கு 9,678 கோடி. 2025இல் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை, ஏலப் பணம், ஆட்டக் கட்டணம், ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்து 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. அதாவது டிவி, இணையக் காசில் நூறு ரூபாய் வந்தால் ஆடுகிறவனுக்குப் பதினைந்து ரூபாய். டிக்கெட், சட்டை விளம்பரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. மிச்ச எண்பத்தைந்து ரூபாயைப் பற்றி எந்த ஹாலிலாவது சண்டை நடந்து கேட்டிருக்கிறீர்களா? நடராஜனின் 10.75 கோடிதான் நம் கண்ணை உறுத்துகிறது.

அடுத்து, அந்த விலைக்கும் திறமைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிட்செல் ஸ்டார்க்கைக் கொல்கத்தா 24.75 கோடிக்கு எடுத்தது. ஆரம்பத்தில் அடி வாங்கினார், ஊரே திட்டியது. அப்புறம் முதல் தகுதிச் சுற்றிலும் இறுதிப் போட்டியிலும் அவர்தான் ஆட்ட நாயகன். கொல்கத்தா கோப்பையை வென்றது. அடுத்த ஏலத்தில் அவர் விலை என்ன? 11.75 கோடி, டெல்லி எடுத்தது. கோப்பை வாங்கிக் கொடுத்தவனுக்குப் பாதி விலை! அன்றைக்கு அறையில் எத்தனை அணிக்கு வேகப்பந்து வீச்சாளர் தேவை, யார் பையில் எவ்வளவு மிச்சம், இதுதான் விலையை முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் பெங்களூர் ஹேசல்வுட்டை 12.5 கோடிக்கு எடுத்தது. அவர் 22 விக்கெட் எடுத்து அணி முதல் கோப்பையை வென்றதும் "மலிவா அமுக்கிட்டாங்க" என்கிறார்கள். காயம் பட்டு உட்கார்ந்திருந்தால் இதே வாய்தான் "தண்டம்" என்றிருக்கும்.

நடராஜன் சேலம் பக்கம் சின்னப்பம்பட்டிக்காரர். நெட் பௌலராக ஆஸ்திரேலியா போய், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானவர். அந்த 10.75 கோடியை அவரா கேட்டார்? கையைத் தூக்கியது அணிக்காரர்கள். கையைத் தூக்கினவனை விட்டுவிட்டு, ஏலத்தில் நின்றவனைத் திட்டுவது என்ன நியாயம்? பேங்க்கில் கடன் கொடுத்த முடிவு தப்பாகப் போனால் மேனேஜரைத்தான் கேட்போம், அடமானம் வைத்த நகையைத் திட்ட மாட்டோம்.

"ஏலம் இல்லன்னா பணக்கார அணியே எல்லாரையும் வாங்கிடும் சார், டாட்ஜர்ஸைப் பாருங்க" என்றும் சொல்வார்கள். நியாயமான கேள்வி. 2024, 2025 இரண்டு வருஷமும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். பேஸ்பாலில் கறாரான சம்பள உச்சவரம்பு கிடையாது என்பதும் நிஜம். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஹாக்கி இருக்கிறதே. என்எச்எல்லில் 2005 முதல் கறாரான உச்சவரம்பு உண்டு, ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முடிகிற மிட்ச் மார்னர் டொராண்டோவை விட்டு 2025இல் லாஸ் வேகஸ் போனார். ஊர் கொதித்தது, ஆனால் அவர் போனார். சமநிலைக்குத் தேவை உச்சவரம்பு. மேசையில் சுத்தியல் தட்டி ஆளைக் கூவுவது தேவையில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன்? நான் கோலார் தங்கவயல்காரன் என்பதால்.

எங்கள் பெரியவர்கள் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து கூலிக்கு வந்தவர்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றியதிலிருந்து அந்த ஊரில் பூமிக்குக் கீழே போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட மக்கள். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனிகள் முனைந்தபோது சுரங்கமே நின்றது, பெரிய வேலைநிறுத்தம். எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "நம்ம ரேகை அவன் பொட்டியில இருந்தா, இந்தச் சுரங்கம் வேணாம்னு அந்தச் சுரங்கத்துக்குப் போக முடியாதுப்பா." கர்ட் ஃப்ளட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தாத்தா குரல்தான் கேட்டது.

அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தார். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நான் அப்போது பி.காம் முடிக்கிற நேரம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் பாதிப் பேர் விடிகாலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்பினார்கள். மிச்சம் பேர் ஒரேயடியாகப் போனோம். நான் பெங்களூர், பம்பாய், அப்புறம் இங்கே. மூன்று பேங்க் மாறிவிட்டேன். ஊரை விட்டுப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா "விசுவாசம் இல்லாதவன்" என்றா சொன்னார்? "போற இடத்துல சம்பளத்தை எழுத்துல வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்று. பெங்களூரில் "தமிழன்தானே, நீ சிஎஸ்கேதானே?" என்பார்கள். சென்னையில் "கர்நாடகாக்காரர், ஆர்சிபிதானே?" என்பார்கள். நான் எந்த அணி என்று அடுத்தவன் முடிவு செய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வெறும் கிண்டல். ஏலத்தில் நிற்கிறவனுக்கு அதுதான் பிழைப்பு.

நாம் அத்தனை பேரும் கைமாறி வந்தவர்கள்தான் சாமி. கொழும்பிலிருந்து, சென்னையிலிருந்து, தங்கவயலிலிருந்து. அதிகச் சம்பளத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, சிலர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. ராஜினாமா கடிதம் எழுதும் உரிமை நமக்கு இருந்தது. நாம் போய், எந்த ஊரில் ஆடுவது என்று சொல்லக்கூட முடியாத ஒரு 23 வயசுப் பையனிடம் விசுவாசம் கேட்கிறோம்.

தங்கமணி இதைப் படித்துவிட்டு, "சரி, கத்தினது போதும், என்னதான் செய்யணும்ங்கிறீங்க?" என்றார். சொல்கிறேன். இத்தனை வருஷம் ஐபிஎல் ஆடியவன் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு விதி வேண்டும். இன்று ஆடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும். உச்சவரம்பு இருக்கட்டும், அதைப் பேசி முடிவு செய்யும்போது ஆடுகிறவனுக்கும் மேசையில் ஒரு நாற்காலி வேண்டும். இது மூன்றும் நம் கையில் இல்லை. நாலாவது நம் கையில் இருக்கிறது: "விலை போனான்", "தண்டம்", "துரோகி" என்ற மூன்று சொல்லையும் நம் வீட்டு ஹாலிலிருந்து தூக்கிப் போடுவது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு அவர்களும் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போவார்கள்.

யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். நானும் வருகிறேன். பதிரனவை விட்டது பிழைதான் என்பது என் கட்சி :-)

பின்னூட்டத்தில் அடிச்சு ஆடலாம். "துரோகி" என்று எழுதினால் மட்டும் வெளியிட மாட்டேன்.