துரையின் கல்லாசனமும் சுமந்த தோள்களும்

டொறொன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் சிறு உதவி கேட்டிருந்தார். விடுமுறையில் பிள்ளைகளோடு வந்து வெள்ளவத்தையில் தங்கப் போகிறாராம். சிகிரியாவும் எல்லவும் பார்த்தாயிற்று. மலையகத்தில் அரை நாளில் சுற்றித் திரும்பக்கூடிய, அதிகம் களைக்க வைக்காத பாதை ஏதும் உண்டா என்பது கேள்வி. கொள்ளுப்பிட்டியிலிருந்து காலிமுகத்திடல் வரை நடந்து திரும்புவதே என் இன்றைய மலையேற்றம் என்பதை அவர் அறியார். ஆயினும் ஓரிடம் உடனே நினைவுக்கு வந்தது: லூல்கந்துர.

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாகச் செல்ல வேண்டும். 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் இதுதான். இலங்கையின் வர்த்தகத் தேயிலைக்கு இதுவே பிறந்த வீடு. இரண்டே ஆண்டுகளில் கோப்பியை இலைநோய் தாக்கியது. பின்னர் மலைநாடே தேயிலைக்கு மாறியது.

நான் போனது 2024 இல். முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும் வயதிலும் மெதுவாக ஏறிவிட முடிந்தது. கொழுந்து மலைகளூடாக வளைந்து சென்றால் டெய்லர் குடியிருந்த மரவீட்டின் எஞ்சிய புகைபோக்கி. அதற்கும் மேலே அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லாசனம். 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பெக்கோ' நடைபாதையும் இத்தோட்டத்தைத் தொட்டுச் செல்வதால் வெளிநாட்டவர் வருகிறார்கள், கல்லில் அமர்ந்து படம் எடுக்கிறார்கள், இறங்குகிறார்கள்.

நான் வேறு வழியாக, லயங்களின் பக்கமாக இறங்கினேன். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த முதிய பெண்மணி, "தொர கல்லப் பாக்கவா வந்தீங்க ஐயா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "எல்லாரும் அதத்தான் பாக்க வர்றாங்க" என்றுவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அதில் புகார் எதுவும் இல்லை. எனக்குத்தான் உறுத்தியது.

டெய்லர் மீது எனக்குக் கோபமில்லை. 1892 மே 2 ஆம் திகதி அவர் இறந்தபோது, இரு அணிகள் மாறி மாறி அவருடைய உடலைக் கண்டி மஹய்யாவ மயானத்துக்குச் சுமந்தன. 18 மைல் தூரம்! 'சாமித் துரை' என்று அழைத்தவர்கள் அவர்கள். மஹய்யாவையில் டெய்லரின் பெயரும் பெருமையும் பொறித்த கல் நிற்கிறது. சுமந்தவர்களுக்குக் கல் இல்லை.

அவர்களுடைய முன்னோரும் நடந்தே வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தபோது கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர். அந்தப் பரம்பரையினரில் பெரும்பாலோரின் குடியுரிமையைத்தான் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் அதே திசையில் நடந்தார்கள். நம் கொழும்புத் தமிழரில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

பொழுதுபோக்க வருபவரிடம் சோகக் கதை எதற்கு என்று கேட்பார்கள். என் நண்பர்களே கேட்டார்கள். மாண்ட துரையின் கதையைச் சொல்லலாமாம். மாண்ட தொழிலாளியின் கதையைச் சொன்னால் மட்டும் விடுமுறை கெட்டுவிடுமாம்! கல்லாசனத்தின் அருகே மும்மொழியிலும் ஒரு பலகை வையுங்கள். தோட்டத்துப் பழைய பெயர்ப்பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால் அந்தப் பெயர்களை அதில் எழுதுங்கள். பாதையில் வழிகாட்டும் வேலையும் தேநீர் விற்கும் உரிமையும் லயத்துப் பிள்ளைகளுக்கே முதலில் கிடைக்கட்டும். கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகச் சாலைகளைச் சிதைத்ததால், புறப்படுமுன் கண்டியில் பாதை நிலைமையை விசாரிக்கச் சொன்னேன். மழை என்றால் அட்டை கடிக்கும், காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பும்போது ஏறிய வழியால் இறங்க வேண்டாம், லயத்துப் பக்கமாக இறங்குங்கள், அங்கே யாராவது பேசினால் பிள்ளைகளை நின்று கேட்கவிடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.