மனப்பாட மடங்கள்



ஏப்ரல் மாதத்துக் காலையொன்றில் ஏதேனும் ஒரு கலைக் கல்லூரியின் வாயிலில் நின்று பாருங்கள். மரத்தடியிலே, படிக்கட்டிலே, மிதிவண்டி நிறுத்துமிடத்திலே இளைஞர்கள் கண்களை மூடி உதடுகளை அசைக்கின்றனர். கையிலே அட்டை கிழிந்த ‘கைடு’. ஒரு பக்கம் ஓதுகின்றனர்; மூடுகின்றனர்; மறுபடியும் ஓதுகின்றனர். பொருளறியாது மந்திரம் முணுமுணுப்பவனைப் பார்த்து நாம் என்ன கேட்டோம்? பொருள் தெரியுமா, ஏன் என்று எண்ணினாயா என்றல்லவா கேட்டோம்! அதே கேள்வியைப் பட்டதாரியிடம் கேட்க மட்டும் ஏன் நா எழவில்லை? கோயிலில் ஒலித்தால் மடமை, தேர்வுக்கூடத்தில் ஒலித்தால் மேதைமையோ?

நானும் அந்த மரத்தடியில் நின்றவன்தான். வரலாறு பயின்றேன். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த பாடம் வந்தது. புதிய தலைப்பாகை ஆணை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்கள் எனக் காரணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார் விரிவுரையாளர். நான் எழுந்து, “இந்தக் காரணங்களை நமக்குச் சொன்னவர் யார் ஐயா? சுட்டவர்கள் எழுதி வைத்ததா, சுடப்பட்டவர்கள் சொன்னதா?” என்றேன். “நல்ல கேள்விதான் தம்பி. ஆனால் தேர்வுக்கு வராது, உட்கார்” என்றார். கொடியவர் அல்லர் அவர். எழுபது மாணவர்களும் முடிக்க வேண்டிய ஐந்து அலகுகளும் அவர் தலைமேல் இருந்தன. ஆயினும், அன்று உட்கார்ந்தவன் இறுதியாண்டு வரை எழவேயில்லை. காரணங்களை எழுதினேன், மதிப்பெண் பெற்றேன். என் கேள்விக்கு விடை இன்றுவரை எந்த விடைத்தாளிலும் இல்லை.

இந்த நோய் நேற்று வந்ததன்று. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை எனும் மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. எந்த மாதிரியில்? அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில். அஃது அப்போது பாடம் சொல்லித் தரும் இடமன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகம். கற்பிக்காத பல்கலைக்கழகம்! கேட்கவே வியப்பாக இல்லையா? பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் வேண்டும் என்பதற்குச் சட்டம் வழிசெய்தது 1904-இல்தான். தேர்வு முதலில் பிறந்தது, கல்வி பின்னால் வந்தது. தம்பி அண்ணனுக்கு அடங்கி நடக்கும் வழக்கம் அன்றிலிருந்து தொடர்கிறது.

1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். நம் கருத்துக்காரர் அல்லர். வேதாந்தத்துக்கு விளக்கம் எழுதியவர். அவர் தலைமையிலான குழுவே, உயர்கல்வியில் ஒரேயொரு சீர்திருத்தத்தைச் சொல்லென்றால் தேர்வுமுறைச் சீர்திருத்தத்தையே சொல்வோம் என்றது. முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பருவமுறை வந்தது, அகமதிப்பீடு வந்தது, பாடங்களுக்குப் புதுப்புதுக் குறியீட்டெண்கள் வந்தன. வினாவோ அதே வினா: “காரணங்களை விவரி.”

வேறு வழி உண்டா என்பீர்கள். உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையும் போட்டுக் காட்டினர்; தாம் சிறந்த ஆசிரியர் என்று அவரும் நம்பியிருந்தார். ஒருநாள், கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எதன்மீது எது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகளைக் கொடுத்தார். இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அவ்விதியை ஒப்பிக்காத மாணவன் அங்கில்லை. ஆயினும் பலர் தடுமாறினர். ஒரு மாணவி எழுந்து, தாங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாளாம்!

அந்தக் கேள்வியை நான் பல இரவுகள் எண்ணியிருக்கிறேன். தேர்வுக்கு ஓர் உண்மை, நெஞ்சுக்கு ஓர் உண்மை. நம் நாட்டில் வானியல் பயின்றவர் கிரகண நேரத்தில் அடுப்பை மூட அஞ்சுவது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? பாடம் அவர் நாவோடு நின்றுவிட்டது, உள்ளே செல்லவில்லை.

மசூர் விரிவுரையைக் குறைத்தார். 1990-களின் தொடக்கத்திலிருந்து அவர் கையாண்ட முறை இது. பாடத்தை மாணவர் முன்னரே படித்து வருவர். வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வியை வைப்பார். ஒவ்வொருவரும் தனித்து எண்ணி விடை குறிப்பர். பிறகு பக்கத்திலிருப்பவரிடம் வாதிட வேண்டும்: நீ ஏன் அப்படிச் சொல்கிறாய், காட்டு பார்க்கலாம்! அதன்பின் மீண்டும் விடை. வாதுக்குப் பின் சரியான விடையின் பக்கம் வந்து சேர்வோர் பெருகுவர். கேட்டு எழுதும் கூடம், வாதிடும் மன்றமாயிற்று. கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி 1969-லேயே இதற்கு உறவான வழியில் புறப்பட்டது. நோயாளியின் சிக்கலை முதலில் வைத்து, அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தைச் சிறு குழுக்களாகத் தேட வைத்தது.

பலன் உண்டா? 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதக் கல்வி பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தனர். விரிவுரையே வழியெனக் கொண்ட வகுப்புகளில் 100-க்கு 34 பேர் அளவில் தோற்றனர். மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22 பேர். தோற்றவன் மூளையற்றவன் என்று சொல்லிப் பழகியவர்கள் இந்தக் கணக்கைச் சற்றே பார்க்கட்டும்.

இனி, நம்மவரே எழுப்பும் எதிர்ப்புக்கு வருகிறேன். பிற்போக்காளரின் எதிர்ப்பைவிட எனக்கு இதுவே பெரிது. “தம்பி, எழுத்துத் தேர்வு மனப்பாடமாகவே இருக்கட்டும், அதில் என் பெயர் தெரியாது, என் தெரு தெரியாது. விவாதம், கருத்தரங்கு, குழுவேலை என்று மதிப்பெண்ணை ஆசிரியர் கையில் கொடுத்தால், அந்தக் கை யாருடைய கை?” என்கிறார் ஒரு தோழர். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவர். அவர் அச்சம் வெறும் அச்சமன்று. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற பொருளியலார் இந்தியாவில் ஆசிரியர்களிடம் சிறுவர்களின் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தனர். முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதினர். தாழ்த்தப்பட்ட சாதி எனக் குறித்த தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. சிறிதளவே குறைந்தது, ஆனாலும் குறைந்தது. 2012-இல் வெளியான ஆய்வு அது. புகழ்பெற்ற தில்லி மருத்துவக் கழகத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கையிலும், வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் பாகுபாட்டைக் கண்டதாக ஒடுக்கப்பட்ட மாணவர் சொன்ன சான்றுகள் உள்ளன. இன்று பல கல்லூரிகளில் 100-க்கு 25 ஆக இருக்கும் அகமதிப்பீடே யாருக்குச் சலுகை, யாருக்குச் சவுக்கு என்பதை மாணவர் அறிவர்.

ஆகவே, டம்மி எண்ணைத் தொடாதீர் என்பதே என் கட்சியும்! விடைத்தாளில் பெயர் மறைந்தே இருக்கட்டும். மாற வேண்டியது எண்ணன்று, வினா. வகுப்பில் வாதம் நடக்கட்டும், அதற்கு மதிப்பெண் வேண்டாம். அங்கே தவறாகப் பேசும் உரிமை மாணவனுக்கு இருக்கட்டும். தேர்வுக்கூடத்தில் புத்தகத்தைத் திறந்தே வைக்கட்டும். வேலூர் நிகழ்ச்சியைப் பற்றி ஓர் ஆங்கில அதிகாரியின் அறிக்கையையும், பிடிபட்ட சிப்பாய் ஒருவரின் வாக்குமூலத்தையும் அச்சிட்டுக் கொடுத்து, எதை எவ்வளவு நம்புவாய், ஏன் என்று கேளுங்கள். எந்தக் கைடு காப்பாற்றும் அப்போது?

தனிப்பயிற்சிக்குப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே இதுவும் உதவும் என்பீரோ? மாறாக, 2020-இல் தியோபால்டு குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பாருங்கள். அமெரிக்க வகுப்புகளில் ஈடுபாட்டு முறை வந்தபோது, சிறுபான்மை, ஏழை மாணவருக்கும் மற்றவருக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணிலிருந்த இடைவெளி 33 விழுக்காடு குறைந்தது; தேர்ச்சியில் 45 விழுக்காடு. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை அம்முறைக்கே ஒதுக்கிய இடங்களில்தான் இடைவெளி சுருங்கியது. பெயருக்குச் செய்த இடங்களில் இல்லை. வீட்டிலே விவாதிக்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான் வகுப்பிலே விவாதம் வேண்டும். கேட்டுக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் புரிந்துகொள் என்பது, வீட்டில் பட்டதாரித் தந்தை உள்ளவனுக்காக வகுத்த முறையல்லவா?

எழுபது பேர் உள்ள வகுப்பில் எப்படி முடியும் என்று பேராசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. மசூரின் வகுப்பும் பெரிய வகுப்புதான். எனினும் நம் கல்லூரிகளில் நிரப்பப்படாத பணியிடங்களையும், சொற்ப ஊதியத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர்களையும் மறந்துவிட்டு அவர்களிடம் புதுமை கேட்பது அறமாகாது. அதற்காகவும் நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

கல்லூரியில் பயிலும் தோழர்களே, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் துறையின் கடந்த 5 ஆண்டு வினாத்தாள்களைத் திரட்டுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, இது நினைவைக் கேட்கிறதா, எண்ணத்தைக் கேட்கிறதா என்று குறியுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். பாடத்திட்டக் குழு கூடும் நாளைக் கேட்டறிந்து, அந்தக் கணக்கோடு துறைத்தலைவரின் அறைக்குச் செல்லுங்கள், கூட்டமாக, அமைதியாக. உட்காரச் சொன்னால் உட்காருங்கள். “தேர்வுக்கு வராது” என்று சொன்னால், ஏன் வராது என்று கேளுங்கள்.