நான்கு பிராந்தியங்களுக்கும் ஒரு கட்சி வேண்டும்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்துக் கடற்கரையில் இன்று மணலைவிடக் கருங்கல்தான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், வடக்கே போக வேண்டிய மணலை மறித்துவிட்டன. கரை கரையக் கரையக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் படகை ஏற்றி நிறுத்த முடியாது, வலையை விரித்துச் சிக்கெடுக்கவும் வழியில்லை. அரிப்பு அதோடு நிற்கவில்லை. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மேலேறி, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது.

இந்தக் குறையைச் சொல்லப் போனால் முதலில் கேட்க வேண்டியவர் வார்டு கவுன்சிலர். அப்படி ஒருவர் இங்கு இல்லை. புதுச்சேரியில் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 38 ஆண்டுகள் பிடித்தன. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2006-இல் அது நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டு வழக்கில் சிக்கி நின்றது. இதற்காக எந்தக் கட்சியும் ஊரைக் கூட்டி மறியல் செய்ததாக நினைவில்லை. ஆளும்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்குமே கவுன்சிலர் இல்லாத ஊர் வசதியாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் இது 1880-லேயே நகராட்சி கண்ட மண். அதற்கும் முன்பே, 1871-இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்த மண். பிரிட்டிஷ் இந்தியாவில் சாமானியர் ஓட்டுச்சீட்டையே பார்த்திராத காலம் அது. புதுச்சேரியின் தாராளவாத அரசியல் டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து இறங்கியதல்ல. இங்கேயே, ஒரு வழக்கறிஞரின் காலணியிலிருந்து தொடங்கியது.

பொன்னுத்தம்பி பிள்ளை 1873-இல் ஐரோப்பியரைப் போல ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் விடவில்லை, பாரிஸின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போய் வென்றார். 1881-இல் வந்த ஆணை, ஊர்வழக்கான இந்துச் சட்டத்தையோ முகம்மதியச் சட்டத்தையோ விட்டுவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழி திறந்தது. அப்படி ஏற்றவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ என்ற குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் பெருவாரியாக அந்த வழியில் நடந்தார்கள். பிறப்பு எதுவானாலும் சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்று என்ற கொள்கையை நம்பி இங்கே உருவான முதல் அணி அதுதான்.

எதிரே நின்றவர் சண்முகவேலாயுத முதலியார். எங்கள் திருமணத்திலும் சொத்துரிமையிலும் கை வைக்காதே என்பது அவர் அணியின் குரல். அந்தப் பயத்தை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்க முடியாது. உரிமை வேண்டுமானால் உன் வழக்கத்தை விட்டுவிட்டு வா என்று சொன்னது ரெனோன்சான் இயக்கத்தின் பெரிய பலவீனம். குடியுரிமைக்கு விலை வைக்கிற தாராளவாதம் பாதி மக்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

1884-இல் பிரெஞ்சு அரசு இந்தப் பிளவையே சட்டமாக்கியது. வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியரும் அவர் வழிவந்தோரும் ஒன்று, ரெனோன்சான்கள் ஒன்று, மற்றவர் ஒன்று. சில நூறு வாக்காளர்களே இருந்த ஐரோப்பியருக்கும் தனிப்பட்டியல். சண்முகம் அந்த ஐரோப்பியரோடு கூட்டுச் சேர்ந்து, ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் காலனியின் தேர்தல்களைக் கையில் வைத்திருந்தார். பட்டியல் இருக்கும் இடத்தில் கொள்கைக் கட்சிக்கு வேலை இல்லை. பட்டியலுக்கு ஒரு தலைவரும் பேரமும் போதும். புதுச்சேரி அரசியலின் பழக்கவழக்கங்கள் பல அந்த நாட்களில் வேரூன்றியவை.

வட அயர்லாந்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பேரவைக்குத் தேர்வானவர் தன்னை ‘யூனியனிஸ்ட்’, ‘நேஷனலிஸ்ட்’, ‘மற்றவர்’ என்ற மூன்றில் ஒன்றாகப் பதிய வேண்டும். இரு சமூக ஒப்புதல் தேவைப்படும் தீர்மானங்களில் ‘மற்றவர்’ ஓட்டுக்கு எடை குறைவு. 1970-இல் தொடங்கிய அலையன்ஸ் கட்சி பிடிவாதமாக அந்த மூன்றாவது கட்டத்திலேயே நின்றது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு தரப்பிலும் ஆள் சேர்த்தது. 2022-இல் 17 இடங்கள் வென்று மூன்றாவது பெரிய கட்சியானது. அரை நூற்றாண்டுப் பொறுமை அது.

புதுச்சேரியில் அந்தப் பொறுமை யாருக்கும் வாய்க்கவில்லை. வ. சுப்பையா மட்டும் 1930களில் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, கொள்கையின் மேல் ஓர் இயக்கத்தைக் கட்டினார். 1936 ஜூலை 30 துப்பாக்கிச்சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் உயிரைக் கொடுத்து எட்டு மணி நேர வேலையைப் பெற்றது அந்த இயக்கம். அவருக்கு எதிர்முனையில் எதுவார் குபேர் 1947-இல் தொடங்கிய பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி, பெயரில்தான் சோஷலிஸ்ட். செல்வாக்குள்ளவர்களின் அந்தக் கூட்டணி, 1954-இல் காற்று மாறியதும் இந்தியாவோடு இணைப்பின் பக்கம் சாய்ந்தது.

என்.ஆர். காங்கிரஸ் 2011 பிப்ரவரியில் தொடங்கி, சில வாரங்களிலேயே தேர்தலைச் சந்தித்து, நின்ற 17 இடங்களில் 15-ஐ வென்றது. அதைக் குறைத்துப் பேசக்கூடாது. எளிதில் அணுகக்கூடிய தலைவர் என்று மக்கள் ரங்கசாமியை நம்பினார்கள். ஆனால் 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மாகேயிலோ ஏனாமிலோ அதன் சின்னமான ‘ஜக்கு’ ஜெயித்ததில்லை. 2021-இல் ரங்கசாமியே ஏனாமில் நின்று ஒரு சுயேச்சையிடம் தோற்றார். முப்பது தொகுதிகளில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேக்கும் ஏனாமுக்கும் தலா ஒன்று. தலைவர் இருக்கும் ஊரில் எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது. மலையாளம் பேசும் மாகேயிலும் தெலுங்கு பேசும் ஏனாமிலும் கட்சிக் கிளையை வளர்க்கும் கட்டாயம் எவருக்கும் இல்லை.

அதன் பலனை 2017-இல் எல்லோரும் அனுபவித்தார்கள். ஆளும் அமைச்சரவையைக் கேட்காமலேயே மத்திய அரசு மூன்று நியமன உறுப்பினர்களைச் சட்டமன்றத்துக்குள் அனுப்பியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மக்கள் ஓட்டில் வராத மூவர், மக்கள் தேர்ந்தெடுத்த முப்பது பேருக்குச் சமமாக உட்கார்ந்தார்கள். தலைவரை மட்டும் நம்பி நிற்கிற கட்சிக்கு இதை எதிர்த்து நான்கு பிராந்தியங்களிலும் தெருவில் இறங்க ஆள் கிடையாது. டெல்லியோடு சமரசம் செய்துகொள்வது ஒன்றே மிச்சம். மாநில அந்தஸ்து கேட்டுப் பேரவை எத்தனையோ தீர்மானம் போட்டும் அசையாமல் கிடப்பது அதனால்தான்.

இங்கே ஒரு தாராளவாத வட்டாரக் கட்சி எழுந்தால், அது முதலில் செய்ய வேண்டியது மாநாடு அல்ல, உள்ளாட்சித் தேர்தல் கேட்டுத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குவது. அதன் செயற்குழுவில் காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றுக்கும் ஆள்தொகையைப் பார்க்காமல் சம இடம் வேண்டும். ஆவணங்கள் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் வர வேண்டும். கடல் அரிப்பு பற்றித் தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களோடும் சேர்ந்து பேச வேண்டும். இங்கே கொட்டும் கல், அங்கே கரையை உடைக்கிறது. சாதிச் சங்கத்தின் சிபாரிசில் வேட்பாளரை நிறுத்தும் பழக்கத்தையும் அது முதல் தேர்தலிலேயே கைவிட வேண்டும். அதில் சில இடங்கள் போனாலும் போகட்டும்.

டெல்லியிடம் பேச அந்தக் கட்சிக்கு ஓர் ஆவணமும் இருக்கிறது. இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் எந்த அரசியலமைப்பு மாற்றம் செய்தாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது. 1979 ஜனவரியில், தமிழ்நாட்டோடு இணைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதுமே மக்கள் கொதித்தெழுந்து அதைத் தடுத்தார்கள். மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும் என்ற அந்த விதியைக் கையில் எடுத்து, குருசுக்குப்பத்து வார்டு வரை கொண்டுவந்து பேசும் கட்சிக்கு நான்கு பிராந்தியங்களிலும் வாக்கு காத்திருக்கிறது.