குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் வக்கீல் வேண்டும்

போதைப்பொருள் விற்றவனுக்குப் பரிந்து பேச நான் இதை எழுதவில்லை. அந்த நஞ்சு நமது லயங்களில் எத்தனை குடும்பங்களைப் பாழாக்கியது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். குற்றம் செய்தவன் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் அத்தண்டனை அவன் செய்த குற்றத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். ஏழை என்பதாலோ, கோர்ட்டு நடைமுறை தெரியாதவன் என்பதாலோ அது கூடிவிடலாகாது.

1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 'கடத்தல்' என்பதற்குப் பரந்த பொருள் உண்டு. விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பது, மறைப்பது, சுமப்பது, கொடுப்பது, அனுப்புவது யாவும் அதில் அடங்கும். 15 கிராம் ஹெராயினோ 200 கிராம் கஞ்சாவோ ஒருவன் வசம் இருந்ததாக நிரூபணமானால், அவன் கடத்துகிறவன் என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படியல்லவென்று காட்டுவது அவன் பொறுப்பு. இக்குற்றத்துக்கு 39பி பிரிவின்படி 1983 முதல் தூக்கு ஒன்றே தண்டனையாக இருந்தது. 2018-ல் சில நிபந்தனைகளோடு நீதிபதிக்கு வழி விடப்பட்டது. 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கு ஒழிந்தது. இன்று மரணமா, அல்லது ஆயுள் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியுமா என்பதை நீதிபதி தீர்மானிக்கிறார்.

வேறு விதமாக முடியும் வழக்குகளும் பல. அரசாங்க வக்கீல் குற்றச்சாட்டை 39ஏ(2) பிரிவுக்குக் குறைப்பார். பையன் குற்றத்தை ஒப்புக்கொள்வான். அதற்குத் தண்டனை ஆயுள், அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை. அத்துடன் குறைந்தது 10 பிரம்படி. மகன் தூக்குக்குத் தப்பினான் என்று தாய் கும்பிடுகிறாள். ஆனால் 5 ஆண்டு எங்கே, ஆயுள் எங்கே! நடுவிலுள்ள காலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அன்று கோர்ட்டில் அவனுக்காகச் சொல்லப்படுவதும் சொல்லப்படாமல் போவதுமே.

தூக்கு வழக்கில் வக்கீல் இல்லாதவனுக்குக் கோர்ட்டே வக்கீலை நியமிக்கும். 39ஏ வழக்கிலோ தனியே நிற்பவர்கள் உண்டு. ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் அவன் உணர்ந்திருக்கிறானா, எந்த நிபந்தனையுமின்றி ஒப்புக்கொள்கிறானா என்பதைக் கோர்ட்டு உறுதிப்படுத்த வேண்டுமென்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. "பை என்னுடையதுதான், உள்ளே இருந்தது தெரியாது" என்பவன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஆகமாட்டான். இதை அவனுக்கு யார் சொல்வது? முறையாக ஒப்புக்கொண்டபின் அப்பீல் செய்தாலும், தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே வாதாட முடியும்.

விஷம் விற்றவனுக்கு இத்தனை சலுகையா என்று கேட்கலாம். ஒப்புதலால் சாட்சிகளின் அலைச்சலும் கோர்ட்டின் காலமும் மிச்சமாகின்றன. அதனால்தான் நீதிமன்றங்கள் வழக்கமாகத் தண்டனையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கின்றன. லாபம் பார்த்த முதலாளியும் கூலிக்குப் பை சுமந்த பையனும் ஒன்றல்லர். அந்த வேற்றுமையை நீதிபதி காணவேண்டுமானால் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஆயினும் 5 ஆண்டுக்கும் 10 பிரம்படிக்கும் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. தூக்கில் கட்டாயம் கூடாதென்று ஏற்ற நாடாளுமன்றம், பிரம்படியில் அதை வைத்திருப்பானேன்?

சட்டம் மாறும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியது உண்டு. 2011-ல் நிறுவப்பட்ட தேசியச் சட்ட உதவி அறநிறுவனமும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகின்றன. பையன் கைதானதும் கிளைச் செயலாளர் அங்கே போகட்டும். கிராணிமாரே, நமக்கும் வேலை உண்டு. அவன் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தான், என்ன சம்பளம் வாங்கினான், யாரைக் காப்பாற்றினான் என்பதற்குச் செக்ரோல் சாட்சி சொல்லும். நிர்வாகத்தின் அனுமதியோடு அதை எழுதி வக்கீல் கையில் கொடுப்போம். குற்றத்துக்குத் தண்டனை கிடைக்கட்டும். அறியாமைக்கும் ஏழ்மைக்கும் தண்டனை வேண்டாம்.